வாசல் விதி

சொர்ணா மூக்கைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து முடித்தபோது மணி ஏழு முப்பத்திரண்டு. காந்திமதி நேரத்தைத் தாளில் எழுதிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறும் வயிற்று ரத்தம் எடுத்தாயிற்று, இனி எட்டு முப்பத்திரண்டுக்கு ஒரு ரத்தம், ஒன்பது முப்பத்திரண்டுக்கு இன்னொரு ரத்தம். அதுவரை அந்தப் பெண் நடக்கக் கூடாது, எதையும் வாயில் போடக் கூடாது, குடித்ததை வெளியே எடுக்கவும் கூடாது. எடுத்துவிட்டால் ஆறு மாதக் கர்ப்பிணியை நாளைக்கு மறுபடியும் வெறும் வயிற்றோடு உட்காரவைக்க வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலையில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. சர்க்கரைப் பரிசோதனைக்குக் காத்திருக்கிற இந்த இரண்டு மணி நேரம் காந்திமதிக்குப் பிடித்தமான நேரம். யாரும் அவளை எதுவும் கேட்க முடியாது, அவளும் எங்கேயும் போக முடியாது. போனைத் திறந்து வரைபடத்தில் விட்டுப்போன முடுக்குகளை, குறுகல் சந்துகளை, போட்டுக்கொண்டிருப்பாள். இன்று போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தாள். ஏழு முப்பத்தைந்துக்குப் பார்த்தாள். வரைபடக் குழுவில் இருக்கிற துஷ்யந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. நார்வேயில் விடிகாலை நாலு மணி, எப்படி எழுந்திருப்பாள். ஆனால் பினாங்கில் மணி பத்து, அங்கே அதே குழுவில் இருக்கிற அருளப்பன் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கடையையும் திறந்திருப்பார், அவள் கேள்வியைப் படித்துமிருந்தார், படித்தவர் பட்டியலில் பெயர் இருந்தது, பதில்தான் இல்லை. ஏன் இல்லை. அவள் வேறு எதைப் போட்டாலும் உடனே கட்டைவிரலைத் தூக்குகிற மனுஷன்.

கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் பால் பொங்குவதற்குக் காத்திருக்கும்போது அடுப்படியில் நின்றபடியே எழுதியது, ஆனால் யோசித்து எழுதியது, மூன்று நாளாக யோசித்து எழுதியது. ‘மதிப்பிற்குரிய துஷ்யந்தி, உங்கள் வாசல் விதிப்படி எந்தத் தெருவில் வீட்டு வாசல் திறக்கிறதோ அதுதான் குடியிருப்புத் தெரு. நீங்கள் வரைந்த இந்தத் தெருவில் ஒரு வாசல்கூட இருப்பதாகத் தெரியவில்லையே. நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்தவும்.’ கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று. கூடவே வானத்திலிருந்து எடுத்த படம், காங்கேசன்துறைப் பக்கத்துக் கிராமம், அதன் நடுவே துஷ்யந்தி போட்ட அந்த ஒற்றைக் கோடு. குழுவில் இருபத்தாறு பேர். இருபத்தாறு பேரும் பார்க்கிற இடத்தில் போட்டாள். தனியாகக் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டால் துஷ்யந்தி தனியாகத் திருத்திக்கொண்டு போயிருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பொம்மையைப் போட்டிருக்க வேண்டாம். கேள்விகூடப் பரவாயில்லை, அந்தக் கைகூப்பு.

“ஏம்மா, காபி குடிக்கியளா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் சொர்ணாவின் மாமியார் ஆவுடையம்மாள். “வேண்டாம் அக்கா, இவ முன்னால குடிச்சா இவளுக்குக் குமட்டும்” என்றாள் காந்திமதி. சொர்ணா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண். இந்த வீடு திருநெல்வேலி டவுனில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற முடுக்கில் இருந்தது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், ஸ்கூட்டரை ரத வீதியிலேயே விட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் பதினேழு வாசல். பதினேழையும் அவள் எண்ணியிருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த முடுக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தத் திறந்த வரைபடத்தை யதேச்சையாகக் கண்டுபிடித்து, வீடு தேடி அலைந்து அலைந்து ஐஸ் உருகிப்போன எரிச்சலில் முதலில் ஒரு கோடு போட்டாள், பிறகு இன்னொன்று, இப்போது டவுனில் மட்டும் நானூற்றுச் சொச்சம் முடுக்கு அவள் கையால் போட்டது. போடுவது சுலபம். போட்டதற்கு என்ன வகை என்று சொல்வதில்தான் சண்டை. உலகம் முழுக்க ஒரே வரைபடம், ஒரே வகைகள், ஆனால் தெரு என்று ஒவ்வொரு நாட்டுக்காரனும் நினைக்கிறது ஒவ்வொன்று. அவள் குடியிருப்புத் தெரு என்று போட்டதையெல்லாம் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு மனிதர் ஒரே நாளில் நடைபாதை என்று மாற்றிவிட்டார், கார் போகாதாம், கார் போகாவிட்டால் தெரு இல்லையாம். அன்றைக்கு அவள் அழுதாள். சங்கரலிங்கம், அவள் புருஷன், “கோட்டுக்கா அழுத?” என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். கோட்டுக்குத்தான்.

அந்த அழுகைக்குப் பிறகுதான் அருளப்பன். பினாங்கில் அவருக்கும் இதே தொல்லை, அங்கே லோரோங் என்கிறார்கள், கடைகளுக்கும் வீடுகளுக்கும் இடையில் ஓடுகிற சந்து, அதை ஒரு நாள் தெரு என்கிறான், மறுநாள் பின்பாதை என்கிறான். ‘காந்தி, உங்க முடுக்கும் எங்க லோரோங்கும் அண்ணன் தம்பி லா’ என்று எழுதினார். அவளைக் காந்தி என்று கூப்பிட்ட முதல் ஆள், ஒரே ஆள். மூன்று வருஷம் தினமும் பேசினார்கள், தெருவைப் பற்றி மட்டும்தான். காதல் கீதல் ஒன்றும் கிடையாது, அவருக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, அவளுக்கும் காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். அப்படியென்றால் இது என்ன. வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, புளித்துப்போன மாவு மாதிரி பொங்கிப் பொங்கி வருகிற இது என்ன. மூன்று மாதத்துக்கு முன் துஷ்யந்தி குழுவில் சேர்ந்தாள். நார்வேயில் பேர்கன் நகரத்தில் இருக்கிறாள், அழகாக எழுதுகிறாள், இங்கிலீஷிலும் எழுதுகிறாள், ஆஸ்திரியாக்காரரோடு அவர் பாஷையிலேயே பேசினாள். ‘எங்கட ஊரில ஒழுங்கை எண்டு சொல்லுவம்’ என்று அவள் எழுதியபோது அருளப்பன், ‘முடுக்கு, லோரோங், ஒழுங்கை! இப்ப மூணு பேர் ஆயிட்டோம் லா’ என்றார். மூன்று பேர். இரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் என்றால் ஒருவர் எப்போதும் கொஞ்சம் ஓரமாகத்தான் உட்கார வேண்டும். யார் ஓரம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவள் துஷி. மூன்று வருஷத்துக் காந்திக்கு ஈடாக ஒரு வாரத்துத் துஷி.

அதையும் விழுங்கியிருப்பாள். வாசல் விதியைத்தான் விழுங்க முடியவில்லை. போன மாதம் துஷ்யந்தி நீளமாக ஒரு கட்டுரை எழுதினாள்: அகலத்தைப் பார்க்காதீர்கள், காரைப் பார்க்காதீர்கள், வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள், ஆட்கள் குடியிருந்து, அவர்கள் வீட்டுத் தலைவாசல் அதில் திறந்தால், எந்த நாடானாலும் அது குடியிருப்புத் தெரு. ஆஸ்திரியாக்காரர் ஒத்துக்கொண்டார். பிரேசிலில் ஒருத்தி ஒத்துக்கொண்டாள். முடுக்குகளெல்லாம் திரும்பத் தெருவாயின, காந்திமதியின் நானூற்றுச் சொச்சமும்தான். சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் அந்த வாசலை முதலில் சொன்னதே அவள் அல்லவா. போன ஆடி மாதம் அருளப்பனுக்கு அனுப்பிய குரல்பதிவில் அவள் சொன்னாளே. ரத வீதியில் நின்றுகொண்டு, பஸ் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாளே. அருளப்பன் அதைத் துஷ்யந்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எப்படி வரும். சொன்னவர், இது காந்தி சொன்னது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க மாட்டாரா. அல்லது சேர்த்தும் அவள் விட்டுவிட்டாளா. அல்லது, இதுதான் தொண்டையில் மாட்டுகிற முள், இரண்டு பேரும் சேர்ந்து பேசிப் பேசி அவளை மறந்தேபோனார்களா. மறந்தது என்றால் திருடியதைவிட மோசம். திருடுகிறவனுக்காவது யாருடைய சாமான் என்று தெரியும்.

எட்டு முப்பத்திரண்டு. அவள் எழுந்து சொர்ணாவின் முழங்கை மடிப்பைத் தடவி நரம்பைப் பார்த்து, பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றினாள். “வலிக்கவே இல்லக்கா” என்றாள் சொர்ணா. “போன தடவ வந்தவ நாலு குத்து குத்துனா.” காந்திமதிக்குக் கொஞ்சம் இனித்தது. யார் வந்தது, கூட வேலை பார்க்கிற மகேசாக இருக்கும், மகேசுக்குக் கை நடுங்கும். இந்த இனிப்பும் அந்தப் புளித்த மாவுப் பாத்திரத்தில் ஊறுவதுதான் என்று தோன்றியதும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆவுடையம்மாள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். “முன்னெல்லாம் கேஸ் சிலிண்டர்காரன், கூரியர்காரன் எல்லாவனும் ரத வீதியில நின்னு போன் பண்ணுவான், நாமதான் போய்க் கூட்டியாரணும். இப்ப நேரா வாசல்ல வந்து நிக்கான். மேப்புல நம்ம முடுக்கு வருதாமே! எந்தப் புண்ணியவான் போட்டானோ, நல்லா இருக்கட்டும்.” நான்தான் அக்கா போட்டேன் என்பது காந்திமதியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டாள், நம்பினாலும் ‘நீங்களா?’ என்பாள், அந்த ‘நீங்களா’வை இன்றைக்குத் தாங்க முடியாது. ஒரு நிமிஷம் அந்த முகம் தெரியாத புண்ணியவான்மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது. அவன் ஆம்பிளை. அவனை ஆவுடையம்மாள் வாழ்த்துகிறாள்.

அந்தக் குரல்பதிவு இன்னும் போனில் இருக்கும். கேட்டுவிட்டால் தீர்ந்தது. இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை? ஆதாரம் கையில் இருக்கும்போது அவசரம் என்ன என்று வைத்திருந்தாள். சொர்ணா தூங்குவதுபோல இருந்தாள், ஆவுடையம்மாள் முருங்கைக்கீரை உருவினாள். காந்திமதி போனைக் காதோடு ஒட்டி வைத்து, தேடி, அழுத்தினாள். பஸ் ஹாரன். அவளுடைய சொந்தக் குரல், கேட்கவே கூச்சமாக, கீச்சென்று: ‘சார், இன்னைக்கு ஒரே அலைச்சல், வாசல் எந்தப் பக்கம்னே தெரியல, வாசல் தெரிஞ்சாத்தான வண்டிய எங்க விடன்னு தெரியும், இந்த மேப்புல வாசலப் போட்டா நல்லாருக்கும்லா.’ அவ்வளவுதான். மறுபடி கேட்டாள். அவ்வளவுதான். வாசலைப் போட்டால் நன்றாயிருக்கும் என்பதும், வாசல்தான் தெருவைத் தெருவாக்குகிறது என்பதும் ஒன்றா. ஒன்றுதான், கிட்டத்தட்ட. கிட்டத்தட்ட ஒன்றுதானா. ஒரு ஆள் விதையைப் பார்த்தேன் என்று சொல்கிறான், இன்னொரு ஆள் மரத்தை வளர்த்துவிட்டான். இல்லை, அவள் விதையைக்கூடச் சொல்லவில்லை, வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறாள். மூன்று வாரமாக இந்தப் புலம்பலைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தாள். அவளுக்கு முகம் சுட்டது. சுட்டாலும் உள்ளே பொங்கினது அடங்கவில்லை, வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டது: சரி, விதி அவளுடையதாகவே இருக்கட்டும், விதி எழுதினவள் விதிப்படி நடக்க வேண்டாமா? அந்தக் கோடு பிழைதானே?

அந்தக் கோட்டை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள். பிழை தேடித்தான் போனாள். துஷ்யந்தி பேர்கனில் போட்டது, ஆஸ்லோவில் போட்டது, யாழ்ப்பாணத்தில் போட்டது என்று வேலை முடிந்து வந்து மூன்று சாயங்காலம் தெருத் தெருவாகப் பொறுக்கினாள். எல்லாம் சுத்தம். ஒவ்வொரு தெருவுக்கும் பெயர், வகை, எல்லாம் ஒழுங்கு. இந்த ஒரு தெருதான். வானத்திலிருந்து பார்த்தால் கூரையே இல்லை, பச்சைப் புதர், நடுவில் வெளுத்த தடம். அதைக் குடியிருப்புத் தெரு என்று கெட்டியாக, வெள்ளையாகப் போட்டிருந்தாள். கண்டுபிடித்தபோது காந்திமதிக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. அதன் பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தாள். புதருக்குள் சாம்பல் நிறத்தில் சதுரங்கள். சின்னதும் பெரிதுமாக ஒன்றோடொன்று ஒட்டிய சதுரங்கள், தெருவின் இரண்டு பக்கமும். பக்கத்தில் கரும்புள்ளியாக வட்டங்கள். அவளுக்கு என்ன என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் டவுனில் நானூறு முடுக்கு வரைந்தவளுக்கு, வீட்டை மேலேயிருந்து பார்த்தே பழகின கண்ணுக்கு, கூரையைக் கழற்றிவிட்டால் அறைகள் எப்படித் தெரியும் என்று தெரியாதா. கிணறு எப்படித் தெரியும் என்று தெரியாதா. தெரிந்தது. ஒரு கணம் தெரிந்தது. தெரிந்த மறுகணம் படத்தைச் சின்னதாக்கிவிட்டாள், சின்னதாக்கினால் வெறும் பச்சை, அந்தச் சின்னப் படத்தைத்தான் காலையில் குழுவில் போட்டாள்.

“அக்கா, குமட்டுது” என்றாள் சொர்ணா. காந்திமதி சட்டென்று எழுந்து அவள் முதுகைத் தடவினாள். “மூக்கால இழுத்து வாயால விடு. இன்னும் பதினஞ்சே நிமிஷம். கண்ண மூடாத, என்னையப் பாரு.” ஆவுடையம்மாள் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “விட்டுரு தாயி, வாந்தி வந்தா எடுத்துரு, நாளைக்கிப் பாத்துக்கிடலாம்” என்றாள் மருமகளிடம். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்காலியில் விட்டு வந்த போன் உறுமிற்று. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நிற்காமல். காந்திமதி பார்க்கவில்லை. ஒரு கை சொர்ணாவின் முதுகில் இருந்தது, அதை எடுக்கக் கூடாது என்று தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டாள். பெண்ணின் மூச்சு சீரானதும் போனை எடுத்தாள். துஷ்யந்தி எழுதியிருந்தாள்.

‘காந்திமதி சொல்லுறது சரி. அங்க இப்ப ஒரு வாசலும் இல்லை. எங்கட வீடு அந்த ஒழுங்கையிலதான் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள், எனக்கு அப்ப பதினொரு வயசு. பிறகு போய்ப் பாக்கேக்க அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. விதியை எழுதினதும் நான்தான், அதை மீறினதும் நான்தான். எல்லாருக்கும் ஒரே விதி எண்டால் எனக்கும் அதுதான். காந்திமதி, நீங்களே மாத்தி விடுங்கோ. நான் ரெண்டு மூண்டு தரம் மாத்தப் போனன், எனக்குக் கை வரேல்லை.’

கீழே இதயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன, பதினான்கு, பதினேழு. ‘துஷி’ என்று மட்டும் எழுதி அருளப்பன் நிறுத்தியிருந்தார். காந்திமதிக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வந்தது, இதையும் இவள் எவ்வளவு நன்றாக எழுதிவிட்டாள் என்பதுதான். தோற்ற இடத்திலும் இவளே நடுவில் நிற்கிறாள், ஜெயித்தவள் ஓரத்தில். அந்த நினைப்பு வந்து, தன் முகத்தைத் தானே பார்த்ததுபோல நின்று, பிறகுதான் மற்றது வந்தது. பதினொரு வயதுப் பெண். சாம்பல் சதுரங்கள். சமையலறை எது, சாமி அறை எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். காந்திமதி அதன்மேல் விரலை வைத்துக் கூட்டத்துக்குக் காட்டி, இங்கே வாசல் எங்கே என்று கைகூப்பிக் கேட்டிருக்கிறாள். அப்போது தனிச்செய்தி ஒன்று வந்தது, அருளப்பனிடமிருந்து. ‘காந்தி, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது லா.’ மூன்று மாதமாக அவர் வாயிலிருந்து வரக் காத்திருந்த வார்த்தை. பாராட்டா, குத்தா. திரும்பத் திரும்பப் படித்தாள். பாராட்டுத்தான், அவருக்குக் குத்தத் தெரியாது. குத்தாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது முப்பத்திரண்டுக்கு மூன்றாவது ரத்தத்தை எடுத்தாள். கை தப்பவில்லை, ஒரே குத்து. குழாயில் பெயரும் நேரமும் எழுதி ஐஸ் பெட்டிக்குள் நிறுத்தினாள். “ஜெயிச்சிட்ட” என்று சொர்ணாவிடம் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய் இட்லியில் கைவைத்தது. ஆவுடையம்மாள் வாசல்வரை வந்து, “சாய்ங்காலம் ரிசல்ட்டு வந்துரும்லா?” என்று கேட்டாள். “வந்துரும் அக்கா, ஒண்ணும் இருக்காது, பயப்படாதிய” என்றபடி காந்திமதி முடுக்கில் இறங்கி நடந்தாள். பாதியில் நின்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவருக்காகச் சுவரோடு ஒட்டி நின்றவள் அப்படியே போனைத் திறந்தாள்.

அந்தக் கோட்டைத் தொட்டதும் விவரம் விரிந்தது. வகை: குடியிருப்புத் தெரு. பெயர்: ஒன்றும் இல்லை. கிராமத்தில் மற்ற எல்லாத் தெருவுக்கும் பெயர் போட்டிருந்த துஷ்யந்தி இதற்கு மட்டும் போடவில்லை. மூன்று சாயங்காலம் குறை தேடியவளுக்கு இந்த வெற்றிடம் கண்ணில் படவே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா, யார் கேட்கப்போகிறார்கள், வெள்ளைக் கோடு வெள்ளையாகவே கிடக்கட்டுமே என்று நினைத்தாள். ஆனால் மாத்தி விடுங்கோ என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள், தன் கை வரவில்லை என்று. வகையைத் தடம் என்று மாற்றினாள். சேமிக்கவில்லை. துஷ்யந்திக்குத் தனியாக எழுதினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து அழித்தாள். தெரியாமல் என்று ஆரம்பித்து, அது பொய் என்பதால் அழித்தாள். கடைசியில், ‘படத்தில் அத்திவாரம் தெரிந்தது. தெரிந்தும் கேட்டேன். அந்த ஒழுங்கைக்குப் பெயர் என்ன?’ என்று மட்டும் அனுப்பினாள்.

அந்த முதல் இரண்டு வாக்கியத்தை அனுப்பியிருக்க வேண்டாமோ. இனி அருளப்பனிடம் சொல்வாள், குழுவில் போடுவாள், போடட்டும். ஐஸ் பெட்டி கையை இழுத்தது. பிறகு பதில் வந்தது. ‘முதல் வரிக்கு நான் பிறகு மறுமொழி எழுதுறன், இப்ப ஏலாது. சாத்திரியார் ஒழுங்கை எண்டு சொல்லுறனாங்கள். முதல் வீட்டில ஒரு சாத்திரியார் இருந்தவர், சாதகக் குறிப்புப் பாக்கிறவர், பிள்ளையளைக் கண்டால் துரத்துவார். ஒருத்தரும் இதுவரைக்கும் என்னட்டைக் கேக்கேல்லை.’

ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படியென்றால் அருளப்பனும் கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது. அந்த எண்ணம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்து நின்றது, காந்திமதி அதைத் துரத்தப் பார்த்தாள், போகவில்லை, இனிப்பாக நாக்கிலேயே கிடந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பெயர் என்ற இடத்தில் சாத்திரியார் ஒழுங்கை என்று எழுதினாள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். சேமிக்கும் முன் வரைபடம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டது: இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது? பழக்கத்தில் ‘என் சொந்த விசாரணை’ என்று எழுதிவிட்டாள். அதைத் திரும்ப ஒரு தடவை படித்தாள். அழித்தாள். ‘துஷ்யந்தி சொன்னது’ என்று எழுதிச் சேமித்துவிட்டு, பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.